காயிலை அளக்கிறோமா, ப்ரோபை அளக்கிறோமா?

மேசையில் ஒரு 100 மைக்ரோஹென்றி காயில், பக்கத்தில் 1 நானோஃபாரட் கண்டென்சர். இரண்டும் மீட்டரில் அளந்து பொறுக்கியவை. இணையாகச் சேர்த்தால் ஒத்ததிர்வு, அதாவது சர்க்யூட் தானாக அதிரும் அதிர்வெண், 503 கிலோஹெர்ட்ஸில் விழ வேண்டும். எனக்கு வந்தது 480. காயிலைச் சந்தேகப்பட்டேன், கண்டென்சரை மாற்றினேன், அரை மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால், ஸ்கோப் ப்ரோபில் (ஆசிலோஸ்கோப்பைச் சர்க்யூட்டில் தொடவைக்கும் முனை) இருக்கும் குட்டி ஸ்விட்ச், சிக்னலைக் குறைக்காமல் அப்படியே அனுப்பும் 1 எக்ஸில் கிடந்தது. அந்த நிலையில் கேபிளும் ஸ்கோப்பும் சேர்ந்து 100 பிக்கோஃபாரட் அளவுக்குச் சர்க்யூட்டின் தலையில் ஏற்றிவிடும். சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் 10 எக்ஸுக்குத் தள்ளினேன், 500க்கு வந்தது. அங்கே ப்ரோபின் சுமை பத்துப் பன்னிரண்டு பிக்கோஃபாரட்தான்.

அன்றிலிருந்து ஒத்ததிர்வை அளக்கும் எந்த முறையையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: இது சர்க்யூட்டை எவ்வளவு தொந்தரவு செய்கிறது?

தொந்தரவே இல்லாதது, காயிலையும் கண்டென்சரையும் எல்சிஆர் மீட்டரில் (தூண்டல், கொள்ளளவு, தடை அளக்கும் மீட்டர்) தனித்தனியாக அளந்து சூத்திரத்தில் போடுவது. ஆனால் அது கணிப்பு, அளவீடு ஆகாது. சாதாரண மீட்டர்கள் 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போவதில்லை. காயிலின் சுற்றுகளுக்கிடையே ஒளிந்திருக்கும் கொள்ளளவு அங்கே தலைகாட்டாது. எக்ஸ்7ஆர் வகை செராமிக் கண்டென்சராக இருந்தால் டிசி வோல்ட்டேஜ் ஏற ஏற மதிப்பே இறங்கும். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும் இது போதும்.

அடுத்தது எல்லோரும் முதலில் செய்வது: சிக்னல் ஜெனரேட்டரைத் திருகிக்கொண்டே ஸ்கோப்பில் உச்சம் தேடுவது. ஜெனரேட்டரை நேராக இணைச் சர்க்யூட்டில் மாட்டினால் உச்சமே தெரியாது. ஜெனரேட்டரின் உள்தடை 50 ஓம். நம் காயில் ஏசிக்குக் காட்டும் மறுப்போ 503 கிலோஹெர்ட்ஸில் 316 ஓம். 50 ஓமை இணையாகப் போட்டால் க்யூ (ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையானது என்று சொல்லும் எண்) ஒன்றுக்கும் கீழே போய்விடும், சர்க்யூட் அப்படியே மூச்சடைத்துப் போகும். நடுவில் பெரிய ரெசிஸ்டர் வேண்டும். எவ்வளவு பெரியது? க்யூ 72 உள்ள சர்க்யூட்டில் 100 கிலோஓம் வைத்தால், திரையில் 59தான் தெரியும். 1 மெகாஓம் வைத்தால் இழப்பு இரண்டு சதவீதம் சொச்சம். சிக்னல் சின்னதாகிவிடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உச்சத்தின் இரு பக்கமும் உயரம் 70.7 சதவீதத்துக்கு இறங்கும் இடங்களைக் குறித்து, அவற்றின் இடைவெளியால் உச்ச அதிர்வெண்ணை வகுத்தால் க்யூ கிடைக்கும். வளைவின் முழு உருவமும் வேண்டும் என்றால் இந்த வழிதான். பொறுமை வேண்டும்.

எனக்குப் பிடித்தது தட்டிப் பார்ப்பது. பாத்திரத்தில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் அது தன் சுருதியில் ஒலித்து அடங்கும் அல்லவா, அதேதான். ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை, 5 வோல்ட். நடுவில் 10 பிக்கோஃபாரட் கண்டென்சர். சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பும் ஒரு தட்டு. திரையில் சைன் அலை எழும்பித் தேய்ந்து அடங்கும். ஆரம்ப உயரம் 50 மில்லிவோல்ட் சுற்றி இருக்கும், பதற வேண்டாம். சதுர அலையின் வேகத்தைக் கூட்டவும் வேண்டாம். 5 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் முதல் தட்டு அடங்குமுன் அடுத்தது விழுந்து படம் குழம்பும்.

இனி எண்ணினால் போதும். 20 அலைக்கு 40.2 மைக்ரோசெகண்டு ஆனால் 498 கிலோஹெர்ட்ஸ். உயரம் பாதியாக எத்தனை அலை ஆகிறது என்று எண்ணி, 4.5ஆல் பெருக்கினால் க்யூ: 16 அலையில் பாதி என்றால் 72. ஒரே படத்தில் இரண்டு விடை. க்யூ குறைந்தால் ஒலிக்கும் அதிர்வெண் உண்மையான ஒத்ததிர்விலிருந்து கொஞ்சம் விலகும் என்பார்கள். விலகும்தான், ஆனால் க்யூ 10 ஆக இருந்தால்கூட அது 0.13 சதவீதத்தைத் தாண்டாது. க்யூ இரண்டு மூன்று என்று இருந்தால் மட்டும் இந்த முறைக்குக் கும்பிடு. எண்ணுவதற்கு அலையே இருக்காது.

டிப் மீட்டர் பழைய ஆட்களின் செல்லம். சொருகும் காயிலைச் சர்க்யூட் பக்கம் கொண்டுபோய் டயலைத் திருப்பினால், ஒத்ததிர்வில் முள் சட்டென்று சாயும். கம்பி இணைப்பு கிடையாது, சர்க்யூட்டுக்குக் கரண்ட்டும் வேண்டாம். ஆனால் மிக நெருங்கினால் அதன் அதிர்வெண்ணையே சர்க்யூட் இழுத்துவிடும். முள் லேசாக அசையும் தூரத்துக்கு விலகி நின்று படிக்க வேண்டும். டொராய்டு காயில் தன் காந்தப்புலத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும், ஒரு சுற்றுக் கம்பியை அதன் வழியே விட்டால்தான் மீட்டர் அதைப் பார்க்கும்.

நானோவிஎன்ஏ என்ற கையடக்க நெட்வொர்க் அனலைசர் வந்தபின் டிப் மீட்டரின் வேலையை அது செய்கிறது. ஒரு சின்ன வளையம் போர்ட்டில், அதைக் காயிலின் பக்கம் காட்டினால் திரையில் பள்ளம். சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் நான் வேறு எதையும் எடுப்பதில்லை. மாட்டிக்கொள்ளும் இடம் ஸ்வீப், அதாவது கருவி ஓர் எல்லையிலிருந்து இன்னொன்று வரை அதிர்வெண்ணை ஓட்டிப் பார்ப்பது. ஆரம்பகால மாடல்களில் ஒரு ஸ்வீப்புக்கு 101 புள்ளிகள். 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே மூச்சில் ஓடவிட்டால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. கூர்மையான பள்ளம் இரண்டுக்கும் நடுவே விழுந்து காணாமல் போகும். “சர்க்யூட் வேலை செய்யவில்லை” என்று கையைப் பிசைவதற்கு முன் எல்லையைக் குறுக்குங்கள்.

கருவியின் தொந்தரவை ஒழிக்க முடியாவிட்டாலும் கணக்குப் பார்க்கலாம். தட்டிப் பார்த்து 497.9 வந்ததா? எதையும் அசைக்காமல், அளந்து வைத்த 220 பிக்கோஃபாரட்டை இணையாகச் சேருங்கள். 451.7க்கு இறங்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.215, அதில் ஒன்றைக் கழித்து, வரும் 0.215ஆல் 220ஐ வகுத்தால் 1023. நீங்கள் போட்டதோ 1000. மிச்ச 23 பிக்கோஃபாரட் ப்ரோபும், தட்டுவதற்கு நடுவில் வைத்த கண்டென்சரும் கொண்டுவந்தது.