நான்கு வருடம், ஒரே ரூட்டர்: நான் திறந்த ஓட்டைகளும் தானாகத் திறந்தவையும்

எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேர், இருபது சொச்சம் கணினிகள், ஒரு பிரிண்டர், எட்டு கேமராக்கள். இத்தனைக்கும் இணையத்துக்கான வாசல் ஒரே ஒரு ரூட்டர். ஃபயர்வால் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்), விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) இரண்டும் உள்ள நடுத்தர ரகம். உண்மையில் நான் கணக்குப் பிரிவு. ரூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்தது.

மாட்டிய அன்றே அட்மின் பாஸ்வேர்டை மாற்றினேன். 2016-ல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் வளைத்துப்போட்டதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பும் பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். வெளியிலிருந்து அட்மின் பக்கத்தைத் திறக்கும் வசதி, பட்டனையோ பின் எண்ணையோ வைத்து வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் இரண்டையும் அணைத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்துத்தான், நடப்பதையெல்லாம் ரூட்டர் குறித்துவைக்கும் லாக் பக்கத்தை முதன்முதலாகத் திறந்தேன். பாதி வரிகளில் தேதி 1970 ஜனவரி 1! ரூட்டருக்குள் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால், நேர சர்வரைத் தொடும்வரை அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும். எங்கள் ரூட்டரில் அந்த சர்வர் அமைப்பே காலியாகக் கிடந்தது. அதைச் சரிசெய்த பிறகு லாக் படிக்கிற மாதிரி ஆனது. படித்ததும் வயிற்றைக் கலக்கியது. 3389 என்ற போர்ட்டில், அதாவது எண் போட்ட நுழைவாயிலில், இரவு பகலாக யார் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஓட்டை நான் போட்டதுதான். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவருக்காக, அலுவலகக் கணினியை வெளியிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை அந்த போர்ட்டில் திறந்துவிட்டிருந்தேன். போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்றார்கள். மாற்றினேன், சில நாள் அமைதி, அப்புறம் பழைய கதை. கடைசியில் அதை அடைத்துவிட்டு ரூட்டரிலேயே வயர்கார்டு விபிஎன் போட்டேன். சரியான சாவி இல்லாமல் வரும் தரவுத் துண்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. தட்டுகிறவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. “இன்னொரு பட்டன் வேற அழுத்தணுமா?” என்று ஒரு வாரம் முணுமுணுப்பு. பிறகு பழகிவிட்டது.

இரண்டாவது ஓட்டையை நான் போடவில்லை. கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர், யூபிஎன்பி என்ற வசதி வழியாக ரூட்டரைக் கேட்டுத் தனக்குத் தானே ஒரு போர்ட்டைத் திறந்துகொண்டிருந்தது. யூபிஎன்பியை அணைத்த அரை மணி நேரத்தில் முதலாளியிடமிருந்து போன்: “கேமரா தெரியல.” இப்போது அவரும் விபிஎன் வழியாகத்தான் பார்க்கிறார். டிவிஆருக்குத் தனி நெட்வொர்க். விருந்தினர் வைஃபையும் தனி. அலுவலகக் கணினிகளை அவற்றால் எட்ட முடியாது.

மூன்றாவது ஓட்டை ஐபிவி6, இணைய முகவரிகளின் புதிய முறை. இணைப்பில் அது வந்ததும் ஒவ்வொரு கருவிக்கும் வெளி உலகுக்கான முகவரி கிடைத்துவிட்டது. எல்லாக் கருவிகளையும் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் என்ஏடி இருக்கிறதே என்ற தைரியம் இங்கே செல்லாது. ரூட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் அணைந்திருந்தது எனக்குத் தெரியாது. மொபைல் டேட்டாவிலிருந்து சோதித்தபோது பிரிண்டரின் அமைப்புப் பக்கம் அழகாகத் திறந்தது. அந்த நீளமான முகவரியை யாரும் சுலபத்தில் ஊகிக்க முடியாதுதான், இருந்தாலும் அன்றே அடைத்தேன்.

குறைகளும் உண்டு. ரூட்டரின் உள் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) வந்த ஒரு அப்டேட் நான் எழுதி வைத்த விதிகளையெல்லாம் துடைத்துவிட்டது. அதிலிருந்து பேக்கப் எடுக்காமல் அப்டேட் போடுவதில்லை. போலி இன்வாய்ஸ் மெயிலை ஒருவர் திறந்தபோது இந்த ரூட்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை அதனிடம் எதிர்பார்ப்பதும் தப்பு.

இப்போது மாற்றப்போகிறேன். வேகம் குறையவில்லை, சூடாகவில்லை. ஆனால் அப்டேட் வந்து பதினோரு மாதம் ஆகிறது, இந்த மாடலுக்கு இனி வராது என்றும் அறிவித்துவிட்டார்கள். புதியதில் ஆன்டெனா எத்தனை என்று பார்க்கவில்லை. எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பழையதை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. விபிஎன் சாவிகளை அழித்து, ஃபேக்டரி ரீசெட் செய்து, மறுசுழற்சிக்குப் போடப்போகிறேன்.