எந்தச் சித்தூர்?

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் வாயனசாலையில் (நூலகம்தான்) நூல் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இடப்பெயர்க் கட்டத்தில் வெறுமனே 'சித்தூர்' என்று அடித்து வைத்தவன் நான்தான். சித்தூர் ஆற்றுப் பாசனம் பற்றிக் கேட்டு வந்த பெரியவருக்குப் பட்டியலைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ஏனுங்க தம்பி, இது ஆந்திராச் சித்தூருங்க" என்று திருப்பித் தந்தார்.

சரி, எப்படிப் பிரிப்பது? பெரிய நூலகங்கள் ஊருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் நாட்டைப் போடும். இரண்டும் இந்தியா என்பதால் மாநிலத்தையும் சேர்க்க வேண்டும்: சித்தூர் (கேரளம், இந்தியா). இதில் சிக்கல் பழைய நூல்கள்தான். 1953 அக்டோபர் வரை அந்தச் சித்தூர் சென்னை மாகாணம். நம்ம சித்தூரோ 1949 வரை கொச்சி, அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பரிலிருந்து கேரளம். புத்தகத்தில் உள்ளபடியே போட்டால் ஒரே ஊர் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். இன்றைய மாநிலத்தையே போட வேண்டும்.

மாவட்டம் போடலாமே என்றார் கூட இருந்தவர். 'சித்தூர் (பாலக்காடு மாவட்டம்)' கச்சிதம். அந்தப் பக்கம் 'சித்தூர் (சித்தூர் மாவட்டம்)' என்று எழுதி நாங்களே சிரித்தோம். போதாததற்கு 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. பழைய 'சித்தூர் மாவட்ட' நூலில் திருப்பதியும் உள்ளே இருக்கும்.

'சித்தூர்-தத்தமங்கலம்' என்று நகராட்சிப் பெயரைப் போட்டால் இங்கே யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் தாலுகா பற்றிய நூலை அதில் அடைக்க முடியாது. தாலுகா என்றால் நாங்களும் சேர்த்தி. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண்ணில் கேரள வரலாறு 954.83, ஆந்திர வரலாறு 954.84. அது வரலாற்று அலமாரிக்கு உதவும், பாசன நூல் வேறு எண்ணுக்குப் போய்விடும். பின்கோடு (678101, 517001) கணினியை ஏமாற்றாது. ஆனால் பின்கோடு சொல்லிப் புத்தகம் கேட்பவர் யார்? கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் அதையும் போட்டு வைத்தோம், அவ்வளவுதான்.

ஆக, எங்கள் ஓட்டு இன்றைய மாநிலத்துக்கு. மாவட்டம் முழுவதையும் பேசும் நூலென்றால் 'மாவட்டம்' என்ற சொல் கூடுதலாக.

பெரியவர் தேடியது கடைசியில் கிடைத்தது. தமிழ்நாடும் கேரளமும் தண்ணீர் பகிரும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் பற்றிய புத்தகம். சித்தூர் ஆற்றுக்கு வரும் தண்ணீர்க் கணக்கு அதில்தான் இருந்தது. இடப்பெயர்க் கட்டத்தில் நான் அடித்திருந்தது 'பொள்ளாச்சி'.