டெல்டாவிலிருந்து மலைநடைக்கு: முதலில் பார்க்க வேண்டியது ராத்திரித் தங்கல்

கும்பகோணத்தைச் சுற்றி ஏறிப் பழக மலை கிடையாது. சுவாமிமலைகூடக் கட்டுமலைதான், தமிழ் வருடத்துக்கு ஒன்றாக 60 படி. இந்தச் சமதரையிலிருந்து நானும் மனைவியும் பல வருடங்களாக மலையில் நாள் கணக்கில் நடக்கப் போய்வருகிறோம். பகலில் நடை, ராத்திரி நல்ல அறை, மறுநாள் அடுத்த ஊர். கூடாரம் போடுவதில்லை.

செலவு செய்வதென்றால் தங்குமிடத்துக்குச் செய்யுங்கள். ஷூ, நடைக்கோல் எல்லாம் அப்புறம். முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். மூன்றாம் நாள் கால் ஒத்துழைக்குமா என்பது முந்தின ராத்திரி கிடைத்த வெந்நீரையும் தூக்கத்தையும் பொறுத்தது.

நாங்கள் அதிகம் நடந்தது கொடைக்கானல் மேல்மலையில். மயிலாடுதுறை–செங்கோட்டை ரயிலில் திண்டுக்கல்லில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக பஸ். பூம்பாறையில் ஓர் இரவு, மன்னவனூரில் ஓர் இரவு. மடை திறந்து தட்டையான வயலுக்குப் பாய்ச்சியே பழகிய நமக்கு, பூம்பாறைச் சரிவில் படிப்படியாக வெட்டிய பூண்டு வயல்களைப் பார்த்தால் நடை தானாக நின்றுவிடும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தங்கும் வீட்டில் கேட்டால் அந்தப் பூண்டைப் போட்டே ரசம் வைத்துத் தருவார்கள். நனைந்து வந்த உடம்புக்கு அதற்கு மேல் மருந்து வேண்டாம். பெரிய பையை ஜீப்பில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு, தண்ணீரும் மழைக்கோட்டும் மட்டும் தோளில் போட்டுக்கொள்வோம்.

மேல்மலையில் ஒரு விடுதியில் சோலார் வெந்நீர் மட்டுமே இருந்தது. பகலெல்லாம் மூடுபனி, தண்ணீர் சூடேறவே இல்லை. கம்பளியும் மெலிசு, ஈர ஷூவைக் காயவைக்க இடமும் இல்லை. மறுநாள் மனைவிக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பாதி வழியில் ஜீப் பிடித்தோம். வாடகை என்னவோ நல்ல அறைக்கு உண்டானதுதான். அதன்பின் போனில் முதலில் கேட்பது கீஸர் உண்டா, கரண்ட் போனால் விறகில் தண்ணீர் காய்ச்சித் தருவீர்களா என்பதைத்தான். காலைச் சாப்பாடு ஏழு மணிக்குள் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுவோம். ஒன்பது மணிக்கு இட்லி என்றால் அன்றைய நடை வெயிலில் போய்விடும்.

நேபாளத்தில் கோரேபானி வரை போனதும் இதே முறைதான். வழியில் உல்லேரி என்ற ஊருக்கு ஏறும் கல்படிகள் 3,000க்கு மேல். அங்கே டீ ஹவுஸ் என்று சொல்லும் நடைவழி விடுதிகளில் அறைக்குப் பலகைத் தடுப்புதான், பக்கத்து அறைக் குறட்டை கேட்கும். ஆனால் கூடத்து நடுவில் அடுப்பு எரியும், சுற்றி உட்கார்ந்து துணி காயவைக்கலாம். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுகிறார்கள்.  சோற்றுக்கே பழகிய தஞ்சாவூர் வயிற்றுக்கு இந்த ஊர் ஒரு கவலையும் வைக்கவில்லை. கோரேபானிக்கு மேலே பூன்ஹில் குன்றில், 3,210 மீட்டரில், விடியற்காலையில் தௌலாகிரி சிகரம் சிவந்து நின்றதைப் பார்த்து இருவருமே அழுதுவிட்டோம்.

ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முட்டியை வாங்கும். அதனால் கிளம்பும் முன் சில வாரம் திருச்சி மலைக்கோட்டைக்குப் போய், ஏறுவதைவிட நிதானமாக இறங்கப் பழகுவோம்.

அப்புறம் காலம். சம்பா அறுத்துக் கை ஓய்கிற மாசி, பங்குனியில்தான் மலையில் காட்டுத்தீ பயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலர் காட்டுத்தீயில் இறந்தது மறக்கக்கூடியதல்ல. வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ மூலம் 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதியலாம், வழிகாட்டியும் உடன் வருவார். 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அவற்றை மூடிவைத்தார்கள். அதனால் கதிர் முற்றி வயலில் தண்ணீரை வடியவிடும் மார்கழிக் கடைசியில் நாங்கள் கிளம்பிவிடுகிறோம். கொடைக்கானலில் அப்போது உறைபனி விழும். ஆளுக்கு இரண்டு கம்பளி வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.