கழுத்து வலிக்கு 20 சிட்டிங் பேக்கேஜா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சில பிசியோதெரபி கிளினிக்குகளில் ஏமாற்று முதல் நாளே தொடங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "எலும்பு தேய்ஞ்சிருக்கு, 20 சிட்டிங் ஆகும், மொத்தமா கட்டிட்டா தள்ளுபடி" என்பார்கள். அதுவரை கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தேய்மானம் வயதோடு வருவது. வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் அது தெரியும். எந்த மெஷினும் அதைச் சரிசெய்யாது. அந்தப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தி விற்பதுதான் இங்கே வியாபாரம்.

இப்படி 20 நாள் போய் வந்தவரின் சிகிச்சை அட்டையைப் பாருங்கள். ஒத்தடம், ஐ.எஃப்.டி. (தோலில் பேட் ஒட்டிக் கரன்ட் பாய்ச்சுவது), அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் அல்ல, ஒலி அலையால் சூடேற்றுவது) என்று ஒரே வரி 20 தடவை இருக்கும். கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது, வலி பத்துக்கு எத்தனை என்று ஒரு எண்கூட இருக்காது. அளக்கவே இல்லை என்றால், குறைந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு ஒத்தடமும் கரன்ட்டும் கொஞ்ச நேரம் இதம் தரும், அவ்வளவுதான். அதையும் ஒழுங்காகச் செய்வதில்லை. அல்ட்ராசவுண்ட் தலையை ஜெல்லின் மேல் விடாமல் வட்டமாக நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் சூடு அங்கேயே குவிந்து எலும்பின் மேலுறையில் சுரீரென்று வலிக்கும். ஹாட் பேக்கைப் போதுமான துண்டு மடிப்பு இல்லாமல் வைத்தால் தோல் வெந்துவிடும்; ஐந்து நிமிடத்தில் துண்டை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஐ.எஃப்.டி. கூடாது. கேட்காமலே ஒட்டுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவை பெரும்பாலும் பணத்தோடு போகும். உயிருக்கே ஆபத்தானவை வேறு இரண்டு. டிராக்ஷன், அதாவது கழுத்தை இழுத்துப் பிடிப்பது, எல்லோருக்கும் போடுவதல்ல. கைக்கு இறங்கும் நரம்பு வலி உள்ள சிலருக்குத்தான் பயன்படும். முடக்குவாதம், எலும்பு மெலிவு, தண்டுவட அழுத்தம் இருந்தால் போடவே கூடாது. அடுத்தது, தலையைப் பிடித்து 'மடக்'கென்று திருப்புவது. அரிதாகத்தான் நடக்கும் என்றாலும், கழுத்தின் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். திருப்பிய பின் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கத் திணறல் இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்பவரிடம் திரும்பிப் போகாதீர்கள்.

சரியான பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் மெஷினையே தொடாமல் இருக்கலாம். கழுத்தின் அசைவு, கைப்பிடி பலம், விரல்களின் உணர்ச்சி, முழங்கையில் சுத்தியல் தட்டி அனிச்சை, இவற்றையெல்லாம் பார்ப்பார். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, நடையில் தள்ளாட்டம் உண்டா, சிறுநீர் அடக்க முடிகிறதா என்று கேட்பார். இவற்றில் கோளாறு இருந்தால் தண்டுவடம் அழுத்தப்படுகிறதோ என்று பார்க்க டாக்டரிடம் அனுப்பிவிடுவார், சிட்டிங் போட மாட்டார்.

அடுத்து பயிற்சி. நீடித்த கழுத்து வலியில் நிற்கும் பலன் தருவது பெரும்பாலும் இதுதான்; பேக்கேஜில் விடுபடுவதும் இதுதான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலைக்கடியில் மெல்லிய துண்டு வைத்து, "ஆமாம்" என்று தலையாட்டுவது போல முகவாயை மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. 10 விநாடி, 10 தடவை. கழுத்தின் முன்பக்கம் இருபுறமும் ஓடும் தடித்த தசைமேல் விரலை வையுங்கள். அது கயிறு போலப் புடைத்தால் தவறான தசை வேலை செய்கிறது. இழுப்பைக் குறைக்க வேண்டும். இதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்தத்தான் ஆள் தேவை. அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து அனுப்புவது பயிற்சி ஆகாது. பிறகு தோள்பட்டைத் தசைகளுக்கு எலாஸ்டிக் பேண்ட், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், பேண்டின் இறுக்கம் படிப்படியாகக் கூட வேண்டும். தசைக்குப் பலம் ஏற 6 முதல் 12 வாரம் ஆகும். மாதக்கணக்கில் கழுத்துக் காலர் மாட்டிவிட்டால் இருக்கிற பலமும் போகும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ஐந்தாறு சிட்டிங்கில் நிறுத்திக் கேளுங்கள்: வலி முதல் நாள் பத்துக்கு எத்தனை, இன்று எத்தனை? எண் இல்லை என்றால் மீதிப் பணத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். சிகிச்சை அட்டையின் நகலையும் ரசீதையும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.