ஃபுளோரைடு பாடத்துக்கு ப்ராஜெக்டா, கூத்தா?

தருமபுரி மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். செயல்திட்டம், அதாவது ப்ராஜெக்ட், உசத்தியா, கலையோடு சேர்த்து நடத்துவது உசத்தியா என்று பயிற்சிக்குப் போகிற இடத்திலெல்லாம் ஒரு விவாதம் கிளம்பும், மதியச் சாப்பாடு வந்ததும் அடங்கிவிடும். போன வருடம் நானே பார்த்துவிடலாம் என்று ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு ப்ராஜெக்ட், 'ஆ' பிரிவுக்குத் தெருக்கூத்து என்று பிரித்துவிட்டேன். இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான், எங்கள் ஊர்த் தண்ணீர்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் ஃபுளோரைடு கூடினால் பல்லில் பழுப்புக் கறை விழும், அந்தக் கறை இல்லாத வீடே இல்லை என்கிற ஊர்கள் இங்கே உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நிலத்தடி நீரில் அது தாண்டியதால்தான் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்குமாக ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள், 2013ல் தொடங்கி வைத்தார்கள். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்வெல் தண்ணிதானே கதி.

முதலில் ப்ராஜெக்ட். பிள்ளைகள் வீட்டு போர், தெருக்குழாய், தோட்டத்துக் கிணறு என்று பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்தார்கள். சொட்டு விட்டு நிறம் பார்க்கிற கிட் ஒன்று கிடைத்தது, ஃபுளோரைடு கூடக்கூட இளஞ்சிவப்பு மஞ்சளாகிக்கொண்டே போகும். இரண்டு தெரு தள்ளியிருந்த இரண்டு போருக்கு இரண்டு நிறம் வந்ததும் ஒரு பெண் "ஒரே ஊர் தண்ணி எப்படி சார் மாறும்?" என்று கேட்டாள். அங்கிருந்து பாறை, ஆழம், பாறையில் இருக்கிற கனிமம் தண்ணீரில் கரைவது என்று பேச்சு இரண்டு பீரியட் ஓடியது. இத்தனை வருடத்தில் நான் நடத்திய மிக நல்ல வகுப்புகளில் அது ஒன்று.

அதற்கப்புறம்தான் வழக்கமான கதை. ஆறு பேர் குழுவில் இரண்டு பேர் வேலை செய்ய, மிச்சப் பேர் தெர்மாகோல் வாங்கப் போனார்கள். அறிக்கை பிரௌசிங் சென்டரிலிருந்து வந்தது, கடைசிப் பக்கத்தில் 'தீர்வுகள்' என்ற தலைப்பில் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ. முறைதான்) என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அப்படியென்றால் என்னப்பா என்று கேட்டால் ஒருவரும் நிமிரவில்லை. கையெழுத்து அழகாக இருந்ததால் முழு மதிப்பெண் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூத்து வேறு மாதிரி. கடைசி பெஞ்சில் வருடம் முழுக்க வாய் திறக்காத பையன் ஒருவன், அவன் மாமா பாரதக் கூத்தில் வேஷம் கட்டுகிறவர், எழுந்து, கதையை நடத்திச் சிரிக்கவும் வைக்கிற கட்டியக்காரனாக நின்றான். அட்டைக் கிரீடத்தோடு திரைக்குப் பின்னாலிருந்து ஃபுளோரைடு அசுரன் வந்தான். ஒத்திகையில் மந்திரி ராஜாவிடம் சொல்கிறான், "நீரைக் காய்ச்சிக் குடித்தால் அசுரன் மாண்டு போவான், மகாராஜா!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கும், இருக்கிற தண்ணீரில் அதன் அடர்த்தி கூடும்.

சந்தேகம் வந்து 'அ' பிரிவிலும் போய்க் கேட்டேன். பாதிக்கு மேல் காய்ச்சணும் என்றுதான் கை தூக்கினார்கள், நிறம் பார்த்துப் பட்டியல் போட்டு வரைபடம் வரைந்த அதே பிள்ளைகள். அறிக்கை இதை மறைத்துவிட்டது, கூத்து ஒரே வசனத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு மற்ற எதையும்விட இதுதான் பெரிய வித்தியாசமாகப் பட்டது.

'ஆ' பிரிவுக்காரர்கள் காட்சியை மாற்றினார்கள். பானை கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறைகிறது, அசுரன் சட்டைக்குள் துணியைத் திணித்துத் திணித்துப் பெருத்துக்கொண்டே போகிறான். பெற்றோர் கூட்டத்தன்று ஒரே சிரிப்பு. ஒரு பாட்டி எழுந்து "அப்ப காய்ச்சவே கூடாதாப்பா?" என்றார். "கிருமிக்குக் காய்ச்சணும் ஆயா, பல்லுக் கறைக்கு அது ஆகாது" என்றான் கட்டியக்காரன். அது நான் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை.

கூத்திலும் ஓட்டை உண்டு. அந்தப் பையனிடம் 1.5 என்பது எதில் எவ்வளவு என்று கேட்டால் விழிப்பான். அரிதாரம் கலைப்பதிலேயே ஒரு பீரியட் போய்விடும்.

மதிப்பெண் ஒட்டிக்கொண்டால் இரண்டும் கெட்டுவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். 2012-13ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது செயல்பாடுகளுக்கு 40 மதிப்பெண் வைத்தார்கள், எங்கள் பீரோ சார்ட்டுகளால் நிரம்பியது. சிபிஎஸ்இ 2020-21லிருந்து பத்தாம் வகுப்பு வரை கலை ஒருங்கிணைந்த ப்ராஜெக்டைக் கட்டாயமாக்கியது. ஓசூரில் இருக்கிற என் தங்கை, மகளுக்காக ராத்திரி பதினொன்றுக்கு பீகாரின் மதுபனி ஓவியம் வரைந்துகொண்டிருக்கிறாள்.

பத்தாம் வகுப்பில் இரண்டுமே செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25, கிடைக்கிற நேரமெல்லாம் ரிவிஷனுக்கே போகிறது.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்றுதான் என்றால் கூத்தைத்தான் எடுப்பேன், ஆனால் கிட்டை விடமாட்டேன். இந்த வருடம் இரண்டு பிரிவுக்கும் முதல் வாரம் பாட்டிலும் நிறமும், அதன் பிறகு கூத்து. அறிக்கை கிடையாது. அசுரன் வேஷத்துக்கு மட்டும் இப்போதே நாலு பேர் சண்டை போடுகிறார்கள்.