பின்னலாடை இறக்குமதிக்குப் புறக்கோட்டையில் ஒரு தீர்வையகற்றல் அலுவலகம்

திருப்பூரிலிருந்து பின்னலாடைகளைச் சிறிய அளவில் தருவித்துக் கொழும்பு வெள்ளவத்தையில் விற்பவன் நான். என் கடைசி மூன்று சரக்குகளையும் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தந்தது, பிரதான வீதியிலுள்ள சுங்கத் தலைமையகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இயங்கும் ஒரு சிறிய அலுவலகம். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

முன்பு எனக்கு வேலை செய்த வாஃப் கிளார்க் (சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தருபவர்) இன்வொய்ஸில் உள்ள பெயரைப் பார்த்தே எச்.எஸ். இலக்கத்தை, அதாவது தீர்வைக்காகச் சரக்கின் வகையைக் குறிக்கும் சர்வதேச இலக்கத்தை, எழுதிவிடுவார், பின்னல் துணியில் தைத்த மேலாடை எதுவானாலும் அவருக்கு அது ரீ-ஷேர்ட்டுக்குரிய 6109தான். இந்த அலுவலகத்தினரோ முதல் நாளே ஒவ்வொரு வகையிலும் ஓர் ஆடையை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். வீண் அலைச்சல் என்று அப்போது எனக்குச் சலிப்பாக இருந்தது.

கொண்டுபோனவற்றுள் காலர் வைத்த ஆண்களுக்கான போலோ சட்டைகள் இரண்டு வகை இருந்தன. ரீ-ஷேர்ட் என்று 6109இல் சேர்வதற்குக் காலரோ, பொத்தானோ, கழுத்தில் திறப்போ இருக்கக் கூடாது என்பதால், இரண்டுமே அந்தத் தலைப்புக்கு (நான்கு இலக்க வகைக்கு) வெளியே போயின. கீழ்விளிம்பை வெறுமனே மடித்துத் தைத்த சட்டை ஆண்களின் பின்னல் சட்டைகளுக்குரிய 6105இல் சேரும் என்றும், இடுப்பை இறுக்கும் ரிப் பட்டி வைத்தது அந்தத் தலைப்பிலிருந்து விலக்கப்பட்டு, ஜேர்சி, புல்ஓவர் போன்றவற்றுக்குரிய 6110க்குப் போகும் என்றும் அங்குள்ள மூத்த உத்தியோகத்தர் சொன்னார். அத்தோடு விடாமல், உருப்பெருக்கிக் கண்ணாடியையும் அளவுகோலையும் எடுத்து, முதல் சட்டையில் பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் பரப்பைக் குறித்துப் பின்னல் கண்ணிகளை எண்ணத் தொடங்கினார். நெடுக்கிலும் குறுக்கிலும் சென்ரிமீற்றருக்குச் சராசரியாகப் பத்துக் கண்ணிக்குக் குறைந்தால் அதுவும் 6105இல் நிற்காதாம். எண்ணி முடிக்க அரை மணித்தியாலம் சென்றது; சட்டை தேறியது.

எனக்கு மிகவும் பயன்பட்டது ஐம்பதுக்கு ஐம்பது கலப்புத் துணி பற்றிய விளக்கம். பருத்தி அறுபது வீதமும் பொலியெஸ்டர் நாற்பது வீதமும் இருந்தால் எடையில் மிகுந்தது பருத்தி என்பதால் ரீ-ஷேர்ட் பருத்திக்குரிய 6109.10இல் அடங்கும். இரண்டும் சரிபாதியானால், தீர்வை அட்டவணையின் வரிசையில் பின்னால் வரும் இழையே கொள்ளப்படும். பருத்தி 52ஆம் அத்தியாயத்திலும் பொலியெஸ்டர் இழைகள் அதற்குப் பின்னும் வருவதால், அந்த ஆடை பிற இழைகளுக்குரிய 6109.90க்குப் போய்விடுகிறது. அதுவரை அவற்றைப் பருத்தி என்றே நான் அறிவித்து வந்திருக்கிறேன் என்பதை இங்கே வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

குழந்தை உடைகளுக்கு வயதை அவர்கள் கேட்கவில்லை. 86 சென்ரிமீற்றருக்கு மேற்படாத உயரமுள்ள குழந்தைக்கானதா என்பதையே பார்த்து 6111 என்று எழுதினார்கள். மார்புக்கச்சை மட்டும் பின்னல் துணியாலானதாக இருந்தாலும் பின்னலாடைக்குரிய 61ஆம் அத்தியாயத்தை விட்டு 6212க்குப் போவது ஏனென்று கேட்டேன். தலைப்பிலேயே அப்படி எழுதியிருக்கிறது என்பதே கிடைத்த பதில்.

வகைப்படுத்தலில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் பணக் கணக்கில் காட்டிய அசட்டையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டாவது சரக்குக்குத் தந்த மதிப்பீட்டில், 18 வீதப் பெறுமதி சேர் வரியைச் சரக்கின் விலை, காப்புறுதி, கப்பற்கூலி ஆகியவற்றின் கூட்டுத்தொகை மீது மட்டுமே கணித்திருந்தார்கள். சுங்கத் தீர்வையையும் செஸ் எனப்படும் மேலதிக இறக்குமதி வரியையும் சேர்த்த பிறகே அந்த வரி கணிக்கப்படும் என்பதை, தினமும் இதே வேலையைச் செய்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கட்ட வேண்டிய தொகை கூடி வந்தபோது கையில் பணமில்லாமல் இரண்டு நாள் ஓடியதில், தாமதக் கட்டணமும் என் தலையில் விழுந்தது. வருத்தம் தெரிவித்தார்கள், தங்கள் கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை. தொலைபேசியில் அவர்களைப் பிடிப்பதும் எளிதன்று. நேரில் போவதே மேல்.

மூன்றாவது சரக்கையும் அவர்களிடமே கொடுத்தேன். கண்ணி எண்ணிப் பார்த்து இலக்கம் எழுதும் வேறோர் அலுவலகத்தைப் புறக்கோட்டையில் நான் இன்னும் காணவில்லை. மதிப்பீட்டுத் தாளை மட்டும் இப்போதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, நானே ஒருமுறை கூட்டிப் பார்த்த பிறகுதான் வங்கிக்குப் போகிறேன்.