லீன், நாட்டிலஸ், பேக்டிரேடர்: புரோக்கரை மாற்றினால் எது தாங்கும்?

தானியங்கி வர்த்தகத்துக்குத் திறமூல மென்பொருள் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் உத்தியை ஓட்டிப் பார்ப்பது) வேகத்தைத்தான். புரோக்கரை மாற்ற வேண்டிய நாள் வந்தால் அந்த வேகம் கைகொடுக்காது. புரோக்கரிடம் உள்ள நிலவரமும் மென்பொருள் வைத்திருக்கும் கணக்கும் பிசகும்போது அதைக் கண்டுபிடிப்பது யார் வேலை என்பதுதான் அப்போது கேள்வி. இந்த ஓர் அளவுகோலை வைத்தே லீன், நாட்டிலஸ், பேக்டிரேடர் என்ற மூன்று திறமூல மென்பொருள்களையும் இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் லீன். அப்பாச்சி 2.0 உரிமம். அல்காரிதத்தைப் பைத்தானில் எழுதலாம். மென்பொருளைப் புரோக்கரோடு இணைக்கும் அடாப்டருக்கு மட்டும் சி ஷார்ப் தெரிந்தாக வேண்டும், இதில் சமரசம் இல்லை. அடாப்டரில் நிரப்ப வேண்டியவை சொற்பம்: ஆர்டர் போடுவது, திருத்துவது, ரத்து செய்வது, திறந்திருக்கும் ஆர்டர்கள், கையிருப்பு, ரொக்கம் மூன்றையும் கேட்டு வாங்குவது, இணைப்பைத் தொடங்குவது, முடிப்பது. விலைத் தரவுக்குத் தனி இடைமுகம் இருப்பதால், தரவை ஓரிடத்தில் வாங்கி ஆர்டரை வேறு இடத்துக்கு அனுப்பலாம். தொடங்குவதற்கு வெற்று வார்ப்புரு ஒன்றும் தனிக் களஞ்சியமாகக் கிடைக்கிறது.

சிக்கல் 'திருத்துவது' என்ற இடத்திலேயே ஆரம்பிக்கிறது. இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் என்ற புரோக்கரிடம் ஆர்டரைத் திருத்த, அதே ஆர்டர் எண்ணை வைத்து மறுபடி ஆர்டர் போட்டால் போதும். அல்பாகா என்ற இன்னொரு புரோக்கரிடமோ திருத்தினால் பழைய ஆர்டர் 'மாற்றப்பட்டது' என்று மூடப்பட்டு, புது எண்ணோடு புது ஆர்டர் பிறக்கிறது. எண் மாறாது என்று நம்பி எழுதிய அடாப்டர், அதன் பிறகு வரும் ஃபில்லை (ஆர்டர் நிறைவேறிய தகவலை) யாருடையதோ என்று தூக்கிப் போட்டுவிடும். லீன் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது: ஓர் ஆர்டருக்குப் பல புரோக்கர் எண்களை வைத்துக்கொள்ளலாம், எண் மாறியதைச் சொல்லத் தனி நிகழ்வும் உண்டு.

அடுத்தது ஃபில் கணக்கு. அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். 300 பங்குக்கான ஆர்டர் நூறு நூறாக மூன்று தடவை நிறைவேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டராக்டிவ் புரோக்கர்ஸின் ஆர்டர் நிலைச் செய்தி 100, 200, 300 என்று மொத்தத்தைச் சொல்லும். லீனின் ஆர்டர் நிகழ்வு எதிர்பார்ப்பதோ அந்தத் தடவை நிறைவேறியதை மட்டும். வந்ததை அப்படியே கடத்தினால் 300 பங்கு 600 ஆகிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிலைச் செய்தி வந்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை என்பதால் முந்தையதைக் கழித்துப் பார்க்கும் வழியும் உறுதியானதல்ல. ஒவ்வொரு நிறைவேற்றத்துக்கும் தனித்தனியாக வரும் விவரச் செய்தியை எடுத்து, அதன் நிறைவேற்ற எண்ணை வைத்து வடிகட்டுவதே சரி. அதிலும் ஒரு கண்ணி உண்டு: நிறைவேற்றத்தில் திருத்தம் வந்தால் எண்ணின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்கள் மட்டும் மாறும். முழு எண்ணை ஒப்பிட்டால் திருத்தம் புது ஃபில்லாகத் தெரியும். புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதியையே ஒப்பிட வேண்டும்.

இன்னொரு தொல்லை முந்திக்கொள்ளும் ஃபில். ரெஸ்ட் (கேட்டால் பதில் தரும் இணைய முறை) வழியாக ஆர்டரை அனுப்பி, அதன் எண் பதிலாக வருவதற்குள் வெப்சாக்கெட்டில் (எப்போதும் திறந்திருக்கும் தனி இணைப்பில்) 'நிறைவேறியது' வந்து நிற்கும். எண்ணே பதிவாகாத ஆர்டருக்கு வந்த ஃபில் என்ன ஆகும்? காணாமல் போகும். லீனில் இதற்கென்றே ஒரு செய்தி கையாளி இருக்கிறது; ஆர்டர் போடும் வேலை முடியும்வரை வெப்சாக்கெட் செய்திகளை வரிசையில் நிறுத்திவைத்து, பிறகு விடும். வார்ப்புருவை நகலெடுப்பவர்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பேப்பர் அக்கவுண்டில் (நிஜப் பணமில்லாத சோதனைக் கணக்கில்) பிழை தலைகாட்டாமலே போகலாம். வேகமாக நகரும் சந்தையில் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு உடனே நிறைவேறுவது) போடும்போதுதான் அகப்படும்.

குறி வித்தியாசங்கள் எளிது. லீனில் விற்பனைக்கு அளவு எதிர்ம எண், நாணய வர்த்தகப் புரோக்கரான ஓஆண்டாவிலும் அப்படியே. அல்பாகாவுக்கு வாங்கு, விற்பனை என்று தனிப் புலம். ஓஆண்டாவில் நாணய ஜோடிக்கு நடுவே அடிக்கோடு வேண்டும். இதையெல்லாம் குறியீட்டு மாற்றி ஒன்றில் அடைத்துவிடலாம். விலைப் படி (விலை நகரும் மிகச் சிறிய அளவு), லாட் அளவு (ஆர்டர் அளவின் அலகு) இரண்டும் குறியீட்டுப் பண்புகள் கோப்பில் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 0.01 படி உள்ள இடத்துக்கு 0.005 போய்ச் சேர்ந்தால் ஆர்டர் மறுக்கப்படும்.

கோரிக்கை வரம்பு வேறு. அல்பாகாவின் வழக்கமான வரம்பு நிமிடத்துக்கு 200. இன்டராக்டிவ் புரோக்கர்ஸில் நொடிக்கு 50 செய்தி என்பதே சாதாரணக் கணக்கு. லீனின் வேகத்தடை வகுப்பு இதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நேரம் கடந்து பதில் வராத ஆர்டரைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பாதீர்கள், முதலாவது போயிருக்கலாம். அல்பாகாவில் நாமே ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பி, சந்தேகம் வந்தால் அந்த எண்ணை வைத்தே தேடலாம். இன்டராக்டிவ் புரோக்கர்ஸில் அதே ஆர்டர் எண் இரண்டாவது முறை போனால் 103 என்ற பிழை வர வாய்ப்புண்டு. அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளாமல், முதலாவது சேர்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லும் தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லீனின் பலவீனம் மறுதொடக்கத்தில் தெரிகிறது. திறந்த ஆர்டர்கள், கையிருப்பு, ரொக்கம் எல்லாம் திரும்ப வரும். எந்த ஆர்டர் எதற்காகப் போடப்பட்டது என்ற நினைவு வராது. இது இலாப இலக்கா, ஸ்டாப்பா (நஷ்டத்தை நிறுத்தும் ஆர்டரா) என்பதை அல்காரிதமே ஆப்ஜெக்ட் ஸ்டோர் என்ற லீனின் சேமிப்பிடத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் நாட்டிலஸ் டிரேடர் ஒரு படி மேல். ரஸ்ட் உள்கரு, பைத்தான் முகப்பு. ஆர்டர் நிலை, ஃபில், பொசிஷன் (கையிருப்பு) மூன்றுக்கும் அறிக்கை தரும் வேலையை அடாப்டரிடமே ஒப்படைக்கிறது. தொடங்கும்போது அவற்றை வைத்துத் தன் கணக்கைச் சரிபார்க்கிறது. அனுப்பிப் பதில் வராத ஆர்டர்களை இடையிடையே விசாரிக்கிறது. வெளியே கையால் போட்ட ஆர்டரை எந்த உத்தி ஏற்க வேண்டும் என்றுகூட அமைக்கலாம். இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை? இடைமுகம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. பதிப்பைப் பூட்டிவைக்காமல் மேம்படுத்தினால் சொந்த அடாப்டர் உடையும்.

பேக்டிரேடரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. படிக்க அழகான குறிமுறை. கற்பதற்கும் பேக்டெஸ்டுக்கும் இன்றும் நல்லது. அதன் இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் இணைப்பு ஐபிபை என்ற பழைய நூலகத்தை நம்பியிருக்கிறது, ஓஆண்டா இணைப்பு பழைய ஏபிஐக்கானது. நேரடி வர்த்தகத்துக்கு அடாப்டர் எழுத உட்காருபவர் இதில் உட்கார வேண்டாம்.

சி ஷார்ப் தெரிந்தால் லீன். பைத்தான் மட்டும் என்றால் நாட்டிலஸ். எதை எடுத்தாலும் சோதனை இந்த வரிசையில் போகட்டும்: சந்தை விலைக்கு வெகு தொலைவில் லிமிட் ஆர்டர் (நாம் சொன்ன விலை கிடைத்தால் மட்டும் நிறைவேறுவது) போட்டு ரத்து, ஒரு யூனிட் வாங்கி விற்பது, 10 லாங் (வாங்கி வைத்த நிலை) இருக்கும்போது 20 விற்று ஷார்ட்டுக்கு (இல்லாததை விற்ற நிலைக்கு) தாண்டுவது. சில புரோக்கர்கள் இந்தத் தாண்டலை ஒரே ஆர்டராக ஏற்பதில்லை, இரண்டாகப் பிரித்தாக வேண்டும். கடைசியாக, பாதி ஃபில் ஆன நிலையில் நெட்வொர்க்கைத் துண்டித்து மீண்டும் இணைப்பது. எல்லாம் பேப்பர் அக்கவுண்டில். இன்டராக்டிவ் புரோக்கர்ஸின் டிரேடர் ஒர்க்ஸ்டேஷன் (டிடபிள்யூஎஸ்) செயலியில் பேப்பருக்கான வழக்கமான போர்ட் 7497, நிஜப் பணத்துக்கு 7496. அவர்களுடைய இன்னொரு இணைப்புச் செயலியான கேட்வேயில் பேப்பர் 4002, நிஜம் 4001. ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆகவே தொடங்குமுன் அக்கவுண்ட் எண்ணையும் நிரலே சரிபார்க்கும்படி எழுதிவிடுங்கள்.